லாக்: கடலில் வீசிய கட்டை

‘லாகின்’ என்ற சொல்லைப் பார்க்காத நாளே இல்லை. மின்னஞ்சலைத் திறக்க, வங்கிக் கணக்கைப் பார்க்க, அலுவலகக் கணினியில் வேலையைத் தொடங்க என்று எல்லாவற்றுக்கும் முதலில் அதுதான் வந்து நிற்கிறது. அதில் ‘இன்’ என்றால் உள்ளே என்பது எல்லோருக்கும் தெரியும். ‘லாக்’ என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பலர் ‘பூட்டு’ என்பார்கள். பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே போகிறோம், கடவுச்சொல்தான் சாவி என்று நினைத்தால் பொருத்தமாகவும் இருக்கிறது. ஆனால் அது தவறு.

இந்தத் தவறுக்கு நம் எழுத்துமுறையும் ஒரு காரணம். பூட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், நாம் இங்கே பார்க்கப்போகும் சொல் இரண்டையும் தமிழில் ‘லாக்’ என்றுதான் எழுத முடிகிறது. வல்லோசையாக ஒலிக்கும் ‘க்’குக்கும் மெல்ல ஒலிக்கும் ‘க்’குக்கும் நம்மிடம் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் பூட்டு என்ற சொல் ‘சி, கே’ என்று முடியும். நம் சொல்லுக்கு மூன்றே எழுத்துகள்: எல், ஓ, ஜி. அதை அகராதியில் தேடினால் முதலில் கிடைக்கும் பொருள் மரக்கட்டை, அதாவது வெட்டிச் சாய்த்த மரத்தின் தடித்த துண்டு.

அப்படியே கீழே இறங்கினால் கப்பலின் வேகத்தை அளக்கும் கருவி, பயணக் குறிப்பேடு, பதிவு செய்தல், கணினிக்குள் நுழைதல் என்று பொருள்கள் வரிசையாக வரும். அகராதி எண் போட்டு அடுக்கிவைத்திருப்பதால், தொடர்பே இல்லாத ஐந்து சொற்களைப் போல மாணவர்கள் அவற்றை மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அது வீண் உழைப்பாகத் தோன்றுகிறது. பழைய பாய்மரக் கப்பல் ஒன்றின் பின்பக்கம் போய் நின்று, மாலுமி ஒரு கட்டையைக் கடலில் போடுவதைப் பார்த்துவிட்டால் அத்தனை பொருளும் ஒரே கயிற்றில் கோத்துக்கொண்டு வந்துவிடும்.

சரி, கப்பலுக்குப் போவோம்.

கட்டையும் கயிறும்

கப்பல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை நடுக்கடலில் எப்படித் தெரிந்துகொள்வது? தரையில் போகும்போது மரமும் வீடும் மைல்கல்லும் பின்னால் நகர்வது கண்ணுக்குத் தெரியும். கடலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான். அடையாளம் இல்லாத இடத்தில் அடையாளத்தை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். மாலுமிகள் மிதக்கும் மரத்துண்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டார்கள். கட்டை ஏறக்குறைய போட்ட இடத்திலேயே நிற்கும், கப்பல் அதை விட்டு விலகிப் போகும். எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் விலகியது என்று தெரிந்தால் வேகம் கிடைத்துவிடும்.

தூரத்தை அளப்பதற்காகக் கட்டையில் கயிறு கட்டினார்கள். இங்கிலாந்துக்காரரான வில்லியம் போர்ன் 1574-இல் வெளியிட்ட கடற்பயண வழிகாட்டி நூலிலேயே இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் கட்டைக்கு ஒரு நல்ல வடிவம் அமைந்தது. வட்டத்தை நான்காக வெட்டி ஒரு பங்கை எடுத்ததுபோல் மெல்லிய பலகை, அதன் வளைந்த ஓரத்தில் ஈயம். ஈயத்தின் கனத்தில் அந்த ஓரம் கீழே அமிழ, பலகை தண்ணீரில் நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்து நின்றால்தான் தண்ணீர் அதைப் பிடித்து நிறுத்தும். படுத்துக் கிடந்தால் கப்பலின் பின்னாலேயே இழுபட்டு வந்து அளவைக் கெடுத்துவிடும். பலகையின் மூன்று மூலைகளிலிருந்தும் சிறு கயிறுகள் வந்து பெரிய கயிற்றில் சேரும். அவற்றில் ஒன்றை மட்டும் முடிச்சுப் போடாமல் சிறிய முளையால் செருகியிருப்பார்கள். அளந்து முடித்ததும் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் முளை கழன்று பலகை படுத்துவிடும், அப்புறம் சிரமமில்லாமல் மேலே இழுத்துக்கொள்ளலாம். இந்தச் சிறு முளையை முதன்முதலில் யோசித்த கைகளை நினைத்து நான் பல முறை வியந்திருக்கிறேன்.

அளப்பதற்கு ஒரு ஆள் போதாது. ஒருவர் கயிறு சுற்றிய உருளையைப் பிடித்திருப்பார், ஒருவர் பலகையை வீசுவார், இன்னொருவர் கையில் மணல் கடிகாரம் இருக்கும். கப்பலின் பின்னால் தண்ணீர் கலங்கி ஓடும் இடத்தைப் பலகை தாண்டும் வரை கயிற்றைக் கொஞ்ச தூரம் சும்மா ஓடவிடுவார்கள். அந்தத் தூரம் முடியும் இடத்தில் ஒரு துணித்துண்டு அடையாளமாகக் கட்டியிருக்கும். துணி கையைத் தாண்டியதும் மணல் கடிகாரத்தைக் கவிழ்ப்பார்கள். கயிறு சரசரவென்று ஓடும். மணல் தீர்ந்ததும் கயிற்றைப் பிடித்து நிறுத்தி, எத்தனை முடிச்சு ஓடியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

ஆம், முடிச்சு. ஒரே இடைவெளியில் கயிற்றில் போட்டிருந்த அந்த முடிச்சுக்கு ஆங்கிலத்தில் ‘நாட்’ என்று பெயர். (எழுதும்போது முன்னால் ஒரு ‘கே’ உண்டு, ஒலிக்காது.) கப்பலுக்கும் விமானத்துக்கும் புயல் காற்றுக்கும் இன்றும் வேகம் சொல்லும்போது வரும் ‘நாட்’ இந்த முடிச்சுதான். ஆறு முடிச்சு ஓடியிருந்தால் வேகம் 6 நாட்.

ஓடிய முடிச்சின் எண்ணிக்கையே வேகமாக எப்படி ஆகும்? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்கலாம், ஏனென்றால் மாலுமிகளின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் முடிச்சுகளின் இடைவெளியில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 3,600 விநாடி. மணல் கடிகாரம் ஓடுவது 28 விநாடி. அதாவது ஒரு மணி நேரத்தை ஏறக்குறைய 128.6 பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு. கடல் மைலையும் அதே அளவு பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 14.4 மீட்டர் வரும், பழைய கணக்கில் 47 அடி 3 அங்குலம். முடிச்சுகளை அந்த இடைவெளியில்தான் போட்டார்கள். காலத்தையும் தூரத்தையும் ஒரே விகிதத்தில் சுருக்கிவிட்டதால், 28 விநாடியில் ஒரு முடிச்சு ஓடினால் ஒரு மணி நேரத்தில் கப்பல் ஒரு கடல் மைல் போகும். எழுத்தறியாத மாலுமிக்கும் பெருக்கல், வகுத்தல் எதுவும் தேவைப்படவில்லை. எண்ணத் தெரிந்தால் போதும்.

கடல் மைல் என்பது தரை மைலை விடச் சற்று நீளமானது. பூமியின் அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் தூரத்தை ஒட்டி அமைந்தது. 1929-இல் மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு மாநாட்டில் அதைச் சரியாக 1,852 மீட்டர் என்று வைத்தார்கள். ஆகவே 1 நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

‘மணிக்கு’ என்பது நாட்டுக்குள்ளேயே அடங்கியிருப்பதைக் கவனியுங்கள். ‘கப்பல் மணிக்கு 10 நாட் வேகத்தில் போகிறது’ என்று எழுதுவது பிழை. ‘10 நாட் வேகத்தில்’ என்பதே போதும். ஆங்கிலத்திலும் ‘டென் நாட்ஸ்’ என்று நிறுத்திவிட வேண்டும், ‘பெர் அவர்’ சேர்க்கக் கூடாது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘அட் எ ரேட் ஆஃப் நாட்ஸ்’ என்று ஒரு பேச்சு வழக்கு உண்டு. கப்பலே இல்லாத இடத்திலும், மிக வேகமாக என்ற பொருளில் அதைச் சொல்வார்கள்.

கட்டை ஏடாக மாறுகிறது

வேகத்தை ஒரு தடவை அளந்தால் போதாது. காற்று மாறும், பாயை மாற்றிக் கட்டுவார்கள், வேகமும் மாறும். அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பக் கட்டையை வீசினார்கள். ஒவ்வொரு தடவையும் கிடைத்த அளவை ஒரு பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்து, பிறகு ஒரு ஏட்டில் ஒழுங்காகப் படியெடுத்தார்கள். கப்பல் எந்தத் திசையில், எவ்வளவு நேரம், எந்த வேகத்தில் போனது என்று தெரிந்தால் இப்போது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் குறிக்கலாம். கரை கண்ணுக்குத் தெரியாத கடலில் உயிர் அந்தக் கணக்கைத்தான் நம்பியிருந்தது.

கட்டையின் அளவுகளை எழுதும் புத்தகத்துக்கு ‘லாக்புக்’ என்று பெயர் வந்தது. கட்டைப் புத்தகம்! நாளடைவில் வேகத்தோடு காற்றின் திசை, வானிலை, கப்பலில் நடந்த சண்டை, நோய், சாவு என எல்லாமே அதில் ஏறின. பிறகு ‘புக்’ என்பதும் உதிர்ந்து, புத்தகத்தையே ‘லாக்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். கட்டைக்கு இருந்த பெயர் எழுத்துக்கு வந்துவிட்டது.

தமிழ் படிப்பவருக்கு இது வியப்பாக இருக்க வேண்டியதில்லை. ‘ஓலை’ என்றால் பனையின் இலை. ‘ஓலை வந்தது’ என்றால் கடிதம் வந்தது. ‘ஏடு’ என்பதும் அப்படித்தான், பூவின் இதழாகவும் எழுதும் ஓலையாகவும் இருந்த சொல் இன்று நாளேடு, பதிவேடு, குறிப்பேடு என்று புத்தகமாகிவிட்டது. பொருளின் பெயர் அதோடு சேர்ந்த எழுத்துக்கு ஆகி வருவது நம் மொழிக்குப் பழகிய வழிதான். ‘லாக்’கையும் அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் உடனே பிடிபடும்.

கப்பல் குறிப்பேட்டுக்கு ஒரு கறாரான பழக்கம் உண்டு. எழுதியதை அழிக்கக் கூடாது. தவறாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இட வேண்டும். தவறும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒற்றைக் கோடு. விபத்து நடந்தால் நீதிமன்றத்தில் அந்த ஏடு சாட்சியாக நிற்கும். நாட்குறிப்புக்கும் லாக்குக்கும் உள்ள வேறுபாடும் இதில்தான் இருக்கிறது. ‘டைரி’ என்பதில் மனதில் தோன்றியதை எழுதலாம். ‘லாக்’ என்பதில் நடந்ததை, நடந்த நேரத்தோடு, நடந்த வரிசையில் எழுத வேண்டும். இன்று அந்தச் சொல் எங்கே வந்தாலும் இந்த மூன்றும் கூடவே வரும்.

எழுதிவைத்ததன் பயன் எழுதியவர்கள் நினைத்ததை விட அதிகம். 18, 19-ஆம் நூற்றாண்டுக் கப்பல் குறிப்பேடுகளில் அன்றாடம் பதிந்த காற்றையும் வானிலையையும் திரட்டி, அந்தக் காலத்தில் கடல்மேல் தட்பவெப்பம் எப்படி இருந்தது என்று இன்றைய ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

வினைச்சொல்லாக

ஏட்டில் எழுதுவதும் ‘லாக்’ ஆயிற்று. இங்கேதான் மாணவர்களுக்கு அதிகம் பயன்படும் பொருள் இருக்கிறது. ஒரு தகவலை நேரத்தோடு முறையாகப் பதிவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் நோயாளியின் காய்ச்சல் அளவை லாக் செய்கிறார். தொலைபேசியில் யார் எப்போது அழைத்தார்கள் என்ற பட்டியல் ‘கால் லாக்’. வெப்பநிலையை மணிக்கு மணி தானாகவே பதிந்துவைக்கும் கருவி ‘டேட்டா லாகர்’.

விமானிகளிடம் இது இன்னொரு அடி முன்னே போகிறது. ‘ஷி ஹேஸ் லாக்டு டூ ஹண்ட்ரட் அவர்ஸ்’ என்றால் ‘200 மணி நேரத்தைப் பதிந்திருக்கிறார்’ என்பதை விட ‘200 மணி நேரம் விமானம் ஓட்டிய அனுபவம் இருக்கிறது’ என்று மொழிபெயர்ப்பதே சரி. பதிவேட்டில் ஏறியது அவர் பறந்த நேரம் என்பதால் எழுதியதும் செய்ததும் ஒன்றாகிவிட்டன. ஓட்டப்பந்தய வீரர் கிலோமீட்டர்களை லாக் செய்வதும் இதே பொருளில்தான்.

புகார் பற்றி எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். ‘லாக்’, ‘லாட்ஜ்’ இரண்டும் புகாரோடு வரும், எழுத்திலும் நெருங்கியவை. புகார் கொடுப்பவர் முறைப்படி கொடுப்பது ‘லாட்ஜ்’. அதை வாங்கிக்கொண்டவர் பதிவேட்டில் ஏற்றுவது ‘லாக்’. வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர் ‘உங்கள் புகாரை லாக் செய்துவிட்டேன்’ என்று சொல்லலாம். நீங்கள் கடிதம் எழுதும்போது ‘லாட்ஜ்’ போட்டால் பொருத்தமாக இருக்கும்.

கணினிக்குள் வந்த விதம்

முதல் காலத்துக் கணினிகள் பெரியவை, விலை மிகுந்தவை. ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-இல் செய்து காட்டப்பட்ட நேரப்பகிர்வு அமைப்பு இந்த வகையில் முன்னோடி. யார் வந்தார், எப்போது வந்தார், எவ்வளவு நேரம் இயந்திரத்தைப் பயன்படுத்தினார் என்று கணக்கு வைக்க வேண்டும் அல்லவா? வருபவர் பெயரைப் பதிந்துவிட்டு உள்ளே போவது ‘லாக் இன்’. போகும்போது பதிந்துவிட்டு வெளியேறுவது ‘லாக் அவுட்’. கட்டடத்தின் வாசலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது போலத்தான். பூட்டுக்கு இங்கே இடமே இல்லை.

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் இரண்டு கணினிகளுக்கு இடையே முதல் செய்தி போனது 1969 அக்டோபர் 29 அன்று. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு ‘லாகின்’ என்ற சொல்லை அனுப்ப முயன்றார்கள். எல் போனது, ஓ போனது, அடுத்த எழுத்தில் எதிர்முனைக் கணினி செயலிழந்து நின்றுவிட்டது. சுமார் ஒரு மணி நேரம் கழித்துத்தான் முழுதாக நுழைய முடிந்தது. பாய்மரக் கப்பலின் கட்டை, கணினி வலைப்பின்னலின் முதல் சொல்லுக்குள்ளும் இருந்தது.

அதற்கு முன்பே கணினிக்கூடங்களில் கையால் எழுதும் லாக்புக் இருந்தது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினிக்குள் சிக்கியிருந்த ஒரு விட்டில்பூச்சியைக் கண்டெடுத்து, அதை நேரத்தோடு லாக்புக் பக்கத்திலேயே ஒட்டிவைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் பாதுகாப்பாக இருக்கிறது. இப்போது மென்பொருள்கள் தங்கள் நடவடிக்கைகளைத் தாமே ‘லாக் ஃபைல்’ என்ற கோப்பில் எழுதிக்கொள்கின்றன. எங்கே பழுது என்று தேடும் பொறியாளர் முதலில் திறப்பது அதைத்தான்.

எழுதும்போது இதில் ஒரு சிக்கல் வரும். பெயர்ச்சொல்லாக வரும்போது ‘லாகின்’ ஒரே சொல். ‘லாகின் பக்கம்’, ‘லாகின் விவரம்’ என்பதில் சேர்த்து எழுதலாம். வினையாக வரும்போது ஆங்கிலத்தில் ‘லாக்’ என்றும் ‘இன்’ என்றும் பிரித்தே எழுத வேண்டும். சோதிப்பது எளிது. நேற்று நடந்ததாகச் சொல்லிப் பாருங்கள். ‘லாக்டு இன்’ என்றுதான் வரும், ‘லாகின்டு’ என்று வராது. இடையில் மாற்றம் நுழைகிறது என்றால் அவை இரண்டு சொற்கள். கடந்தகாலத்திலும் ‘லாகிங்’ என்ற வடிவத்திலும் ஜி இரட்டிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘லாக் ஆன்’, ‘லாக் ஆஃப்’ என்பவையும் உண்டு. அன்றாடப் பயன்பாட்டில் பொருள் வேறுபாடு இல்லை.

தமிழ் விக்கிப்பீடியாவில் இதற்குப் ‘புகுபதிகை’, ‘விடுபதிகை’ என்று வைத்திருக்கிறார்கள். ‘உள்நுழை’ என்று சொல்வதே பரவலாக இருந்தாலும் எனக்குப் புகுபதிகைதான் பிடிக்கும். உள்நுழை என்பதில் ‘இன்’ மட்டும் இருக்கிறது, புகுபதிகையில் ‘லாக்’கும் இருக்கிறது.

‘பிளாக்’ என்ற வலைப்பதிவும் இந்தக் குடும்பம்தான். இணையத்தில் தான் படித்தவற்றை நாள்வாரியாகப் பதிந்துவந்த யோர்ன் பார்கர் 1997 டிசம்பரில் அதை ‘வெப்லாக்’, அதாவது வலை லாக் என்று குறிப்பிட்டார். 1999-இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதையே வேறிடத்தில் வெட்டி ‘வீ பிளாக்’, நாங்கள் பிளாக்குகிறோம், என்று படித்தார். நம் புலவர்கள் பிரிமொழிச் சிலேடை என்று சொல்வார்களே, அதுவேதான். அந்தச் சிலேடையில் உதிர்ந்த துண்டு உலகெங்கும் புதுச்சொல்லாக நிலைத்துவிட்டது. காணொளியோடு வந்தால் ‘விளாக்’. தேதிவாரியாக, புதியது மேலே என்று அடுக்கும் வலைப்பதிவின் வழக்கத்தில் கப்பல் ஏட்டின் சாயல் இன்னும் இருக்கிறது.

உறவும் உறவில்லாததும்

தண்ணீர் தேங்கிய மைதானத்தையும் வயலையும் ‘வாட்டர்லாக்டு’ என்பார்கள். இதுவும் முதலில் கப்பல் சொல்தான். உள்ளே நீர் நிறைந்து, திருப்பவும் நகர்த்தவும் முடியாமல் கட்டை மாதிரி கிடக்கும் கப்பலுக்கு அப்படிச் சொன்னார்கள். ஆனால் முடிக்காமல் குவிந்த வேலையைக் குறிக்கும் ‘பேக்லாக்’ கப்பலிலிருந்து வரவில்லை, கணப்படுப்பிலிருந்து வந்தது. நெருப்பின் பின்பக்கம் போட்டுவைக்கும் பெரிய கட்டைதான் முதலில் பேக்லாக். அது சேமிப்பு என்ற பொருளுக்கு மாறி, பிறகு தேங்கிய வேலையாயிற்று. ஆற்றில் மிதக்கவிட்ட மரங்கள் ஒன்றோடொன்று சிக்கி நிற்பது ‘லாக்ஜாம்’. பேச்சுவார்த்தை எந்தப் பக்கமும் நகராமல் நிற்பதற்கும் அதைச் சொல்வார்கள்.

கணக்கில் வரும் ‘லாக்’ வேறு. அது ‘லாகரிதம்’ என்பதன் சுருக்கம், ஜான் நேப்பியர் 1614-இல் வெளியிட்ட நூலில் கிரேக்க வேர்களைச் சேர்த்து ஆக்கிய சொல். டயலாக், கேட்டலாக் ஆகியவற்றின் கடைசிப் பகுதியும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான். மரத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

உச்சரிப்பில் பூட்டையும் கட்டையையும் பிரித்துக் காட்ட ஒரு வழி. பூட்டைச் சொல்லும்போது உயிரொலியைச் சட்டென்று வெட்டி, ‘பக்கம்’ என்பதில் வரும் ‘க்’கில் முடியுங்கள். கட்டையைச் சொல்லும்போது உயிரொலியைக் கொஞ்சம் நீட்டி, ‘தங்கம்’ என்பதில் ‘ங்’குக்குப் பிறகு வருகிறதே, அந்த மெல்லோசையில் முடியுங்கள். தொழிற்சாலைக் கதவடைப்பும் கணினியிலிருந்து வெளியேறுவதும் தமிழ் எழுத்தில் ‘லாக் அவுட்’தான், வாயில் இரண்டும் வேறு.

இன்றைய கப்பல்களில் யாரும் கட்டையை வீசுவதில்லை. அடிப்பகுதியில் பொருத்திய உணரி, மின்காந்த முறையிலோ ஒலியலையின் எதிரொலியைக் கொண்டோ வேகத்தை அளக்கிறது. அந்தக் கருவிக்கு இன்றும் ‘ஸ்பீடு லாக்’ என்றுதான் பெயர். ஆகவே மாலுமி ஒருவர் இப்படி ஒரு வாக்கியம் எழுதலாம்: ‘தி ஆஃபீஸர் லாக்டு இன், ரெட் தி லாக், அண்ட் லாக்டு இட் இன் தி லாக்.’ நான்கு லாக். இந்த இடத்தில் படிப்பதை நிறுத்தி நீங்களே ஒரு முறை மொழிபெயர்த்துப் பாருங்கள், பிறகு கீழே உள்ளதோடு ஒப்பிடலாம்.

‘அதிகாரி கணினியில் புகுபதிகை செய்து, வேகமானி காட்டிய அளவைப் பார்த்து, அதைக் கப்பல் குறிப்பேட்டில் பதிந்தார்.’